குழந்தையின் கல்லீரலை ஊசி குத்தாமல் பார்ப்பது எப்படி? ஸ்கேன் சீட்டு கையில் இருக்கும் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

"கல்லீரல்ல ஏதோ இருக்கிற மாதிரி தெரியுது, ஸ்கேன் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லி டாக்டர் ஒரு சீட்டை எழுதிக் கொடுத்துவிடுவார். வெளியே வந்து பிரித்துப் பார்த்தால் யு.எஸ்.ஜி. அப்டமன் என்று இருக்கும், இல்லை ஃபைப்ரோஸ்கேன், இல்லை எம்.ஆர்.சி.பி. எதற்காக இதை எடுக்கச் சொன்னார், பிள்ளையை எவ்வளவு நேரம் பட்டினி போட வேண்டும், மயக்க மருந்து கொடுப்பார்களா, வரப்போகும் எண்ணை எப்படிப் படிப்பது என்று எதுவும் அதில் இருக்காது. அதையெல்லாம் வரிசையாகச் சொல்வதற்குத்தான் இது.

முன்பெல்லாம் கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்று தெரிய பயாப்சி ஒன்றுதான் வழி. விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை விட்டு ஒரு துணுக்கை எடுப்பார்கள். அந்தத் துணுக்கு மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். நோய் கல்லீரல் முழுக்க ஒரே மாதிரி பரவியிருக்காது என்பதால், ஊசி போன இடத்தைப் பொறுத்துப் பதில் மாறலாம். ரத்தக் கசிவு பயம் இருக்கிறது, சின்னப் பிள்ளை என்றால் மயக்க மருந்தும் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை செய்துகொண்டிருக்கவும் முடியாது. இதனால்தான் ஸ்கேன்கள் முன்னுக்கு வந்தன. அதற்காக பயாப்சி ஒழிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் போன்றவற்றில் இன்றும் அதுதான் கடைசி வார்த்தை.

முதலில் ஒரு கேள்வி

சீட்டை வாங்கும்போதே டாக்டரிடம் கேளுங்கள்: "இந்த ஸ்கேன்ல எதைப் பார்க்கப் போறீங்க டாக்டர்?" ஒவ்வொரு ஸ்கேனும் ஒரே ஒரு வகைக் கேள்விக்குத்தான் உருப்படியாகப் பதில் சொல்லும். கல்லீரல் எப்படி இருக்கிறது, அளவு என்ன, கட்டி இருக்கிறதா என்றால் அல்ட்ராசவுண்ட். ரத்தம் சரியாக ஓடுகிறதா என்றால் டாப்ளர். எவ்வளவு இறுகியிருக்கிறது என்றால் எலாஸ்டோகிராபி. பித்தக் குழாய்களின் அமைப்பு என்றால் எம்.ஆர்.சி.பி. கொழுப்பையோ இரும்பையோ அளக்க வேண்டுமென்றால் அதற்கென்று இருக்கும் எம்.ஆர்.ஐ. "எல்லாத்தையும் ஒரேயடியா எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால் பணம்தான் செலவாகும்.

நோயின் பெயரை ஸ்கேன் பெரும்பாலும் சொல்லாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வில்சன் நோயை, அதாவது உடம்பில் தாமிரம் தேங்கும் பரம்பரை நோயை, எந்த ஸ்கேனும் காட்டிக்கொடுக்காது. அதற்கு ரத்தத்தில் செருலோபிளாஸ்மின், 24 மணி நேரச் சிறுநீரில் தாமிரம், கண் டாக்டரிடம் கருவிழி வளையப் பரிசோதனை, தேவைப்பட்டால் மரபணுப் பரிசோதனை என்று போக வேண்டும். அதனால் ஸ்கேன் அறைக்குள் போகும்போது சமீபத்திய ரத்தப் பரிசோதனை முடிவுகள் கையில் இருக்கட்டும். ஸ்கேன் பார்ப்பவருக்கும் அது உதவும்.

படி 1: அல்ட்ராசவுண்ட் (சீட்டில் யு.எஸ்.ஜி. என்று இருப்பது)

கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. எல்லாக் குழந்தைக்கும் இங்கேதான் தொடக்கம்.

வெறும் வயிறு முக்கியம், காரணம் பித்தப்பை. சாப்பிட்டவுடன் பித்தப்பை சுருங்கிவிடும், சுருங்கிய பித்தப்பையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பெரிய பிள்ளைகளுக்கு 4 முதல் 6 மணி நேரம், கைக்குழந்தைக்கு 3 முதல் 4 மணி நேரம். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிவிட்டால் பாதிப் போராட்டம் முடிந்தது. கைக்குழந்தைக்குப் பால் கையோடு இருக்கட்டும்: பித்தப்பையைப் பார்த்து முடித்ததும் கேட்டுவிட்டுக் கொடுங்கள், குடித்துக்கொண்டிருக்கும் குழந்தை அசையாமல் கிடக்கும், மீதியை நிம்மதியாகப் பார்த்துவிடலாம். முன்னால் திறக்கிற சட்டையாகப் போட்டுக் கூட்டி வாருங்கள். வயிற்றில் தடவும் ஜெல் சில்லென்று இருக்கும், குழந்தை வீறிடும், அதனால் லேசாகச் சூடு பண்ணித் தடவச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ரிப்போர்ட்டில் கல்லீரலின் அளவு, மண்ணீரலின் அளவு, மேற்பரப்பு வழவழப்பா மேடுபள்ளமா, வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா என்பவை இருக்கும். அளவுகளை வயதோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு அல்ல. பெற்றோர் அதிகம் கண்டுகொள்ளாத ஒரு வரி மண்ணீரல். அது பெரிதாகிக்கொண்டே போகிறது, கூடவே ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்துகொண்டே வருகிறது என்றால், கல்லீரலுக்குள் போகும் ரத்தத்தின் அழுத்தம் கூடுகிறது என்று டாக்டர் சந்தேகிப்பார்.

அடுத்தது எல்லோரையும் பயமுறுத்தும் வரி, "கிரேடு 1 ஃபேட்டி லிவர்". கல்லீரல் திரையில் வழக்கத்தைவிட வெள்ளையாகத் தெரிந்தால் இப்படி எழுதுவார்கள். இது கண்ணால் பார்த்துச் சொல்லும் கணிப்பு, இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கிரேடு வரலாம். கொழுப்பு குறைவாக இருக்கும்போது அல்ட்ராசவுண்ட் அதைத் தவறவிட்டுவிடும் என்பதால், நார்மல் என்று வந்தாலும் முழுமையாக நம்ப முடியாது. 2017-ல் வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்-கல்லீரல் மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: உடல் பருமன் உள்ள பிள்ளைகளுக்கு 9 முதல் 11 வயதுக்குள் ஏ.எல்.டி. (கல்லீரல் பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) ரத்தப் பரிசோதனையில் தொடங்குங்கள், சல்லடை போட அல்ட்ராசவுண்ட் வேண்டாம். ஏ.எல்.டி.யின் மேல் எல்லையாக அது சொல்வது பெண் குழந்தைக்கு 22, ஆண் குழந்தைக்கு 26. நம் லேப் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் பெரியவர்களுக்கான 40 சொச்சம்தான் அச்சாகியிருக்கும், ஆகவே 38 என்று வந்தால் தடித்த எழுத்தே இல்லாமல் நார்மல் மாதிரி தாண்டிப் போய்விடும்.

பிள்ளை ஒல்லியாக இருக்கிறது, ஆனால் ஃபேட்டி லிவர் என்று வந்திருக்கிறது என்றால், "எண்ணெய்ப் பலகாரத்தை நிறுத்துங்கள்" என்ற அறிவுரையோடு யாரும் உங்களை வீட்டுக்கு அனுப்பக் கூடாது. வில்சன் நோய், கிளைகோஜன் தேங்கும் நோய்கள், கோதுமை ஒவ்வாத சீலியாக் என்று வேறு பல காரணங்கள் அந்த வெள்ளை நிறத்துக்குப் பின்னால் இருக்கலாம். குழந்தை கல்லீரல் மருத்துவரிடம் ஒரு தடவை காட்டியே ஆக வேண்டும்.

படி 2: டாப்ளர்

இது தனி மெஷின் இல்லை, அதே அல்ட்ராசவுண்டில் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. சீட்டில் டாப்ளர் என்று எழுதியிருந்தால் மட்டுமே பல இடங்களில் பார்ப்பார்கள், ஆகவே ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவரும் போர்டல் ரத்தக்குழாய் திறந்திருக்கிறதா, ரத்தம் கல்லீரலை நோக்கிப் போகிறதா திரும்பி ஓடுகிறதா, கல்லீரலிலிருந்து வெளியேறும் குழாய்களில் அடைப்பு உண்டா என்பதுதான் கேள்வி.

இந்தியாவில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று ரத்த வாந்தி எடுக்கும், மண்ணீரல் பெரிதாக இருக்கும், ஆனால் கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் நார்மல். இப்படி வருபவர்களில் பலருக்குக் கல்லீரலில் கோளாறே இருக்காது, அதற்கு வெளியே போர்டல் குழாய் அடைபட்டிருக்கும். அடைபட்ட குழாய் இருந்த இடத்தில் வளைந்து நெளிந்த சின்னச் சின்னக் குழாய்கள் கூட்டமாக முளைத்திருப்பதை டாப்ளர் அப்படியே காட்டிவிடும். ரிப்போர்ட்டில் போர்டல் கேவர்னோமா என்று வருவது இதுதான்.

இடையில் ஓர் அவசரம்: இரண்டு வாரம் தாண்டிய காமாலை

இந்தப் பகுதியை வேறு எதற்காகவும் தள்ளிப்போடாமல் படியுங்கள். பிறந்த குழந்தைக்கு 14 நாள் தாண்டியும் கண் மஞ்சளாகவே இருந்தால் காலை வெயிலில் காட்டுவதும், கீழாநெல்லியை அரைத்துத் தாய்க்குக் கொடுப்பதும், "தாய்ப்பால் காமாலைதான், தானா போயிடும்" என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக் காத்திருப்பதும் வேண்டாம். ரத்தத்தில் பில்லிரூபினை, அதாவது காமாலையின் மஞ்சள் நிறமியை, மொத்தமாகவும் டைரக்டாகவும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். டைரக்ட் 1 மில்லிகிராமுக்கு மேல் என்றால் அன்றே குழந்தை மருத்துவரிடம் போய்விட வேண்டும். மலத்தின் நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். மஞ்சள், பச்சை என்றால் சரி. வெளிறிய களிமண் நிறம், சுண்ணாம்பு வெள்ளை என்றால் பித்தம் குடலுக்கு வரவில்லை என்று அர்த்தம்.

பயப்படுவது பித்தநாள அடைப்புக்கு, பிலியரி அட்ரீசியா என்பார்கள். கல்லீரலிலிருந்து பித்தம் வெளியேறும் குழாய்களே தேய்ந்து அடைபட்டுப் போகும் நோய். ஜப்பானிய அறுவை மருத்துவர் மொரியோ கசாய் 1950களில் கண்டுபிடித்த அறுவை சிகிச்சைதான் இன்றும் முதல் சிகிச்சை. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பித்தம் மறுபடி ஓடுவதற்கான வாய்ப்பு அதிகம். இன்னும் சீக்கிரம் என்றால் இன்னும் நல்லது. கசாய் பலிக்காவிட்டால் கல்லீரல் மாற்று வரை போக வேண்டியிருக்கும். 1998-ல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்தது காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு, காரணம் இதே நோய்தான்.

இங்கே அல்ட்ராசவுண்ட் பார்ப்பவர் தேடுவது இரண்டு. ஒன்று, பித்தப்பை காணாமல் போயிருக்கிறதா, அல்லது சின்னதாக, ஒழுங்கற்ற சுவரோடு இருக்கிறதா. அதனால்தான் அந்தப் பட்டினி. இரண்டு, போர்டல் குழாய் பிரியும் இடத்துக்கு முன்னால் முக்கோணமாக ஒரு வெள்ளைத் தழும்பு, தடிமன் 4 மில்லிமீட்டருக்கு மேல். இரண்டும் இருந்தால் சந்தேகம் பலமாகிறது. இரண்டும் இல்லையென்றாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது, இதைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மலம் வெள்ளையாகவே போய்க்கொண்டிருந்தால் நார்மல் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி உங்களைச் சமாதானப்படுத்த விடாதீர்கள்.

ஹைடா ஸ்கேன் என்று ஒன்று சொல்வார்கள். குறைந்த அளவு கதிரியக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றி, 24 மணி நேரத்துக்குள் அது குடலுக்கு வந்து சேர்கிறதா என்று பார்ப்பது. வந்துவிட்டால் பெரிய நிம்மதி, அடைப்பு இல்லை. வரவில்லை என்றால் அடைப்பாகவும் இருக்கலாம், கல்லீரலே மந்தமாக இருப்பதாலும் இருக்கலாம். இதற்கு முன்னால் ஐந்து நாள் ஃபீனோபார்பிடோன் மருந்து கொடுப்பது வழக்கம். குழந்தைக்கு ஏற்கெனவே 50 நாள் நெருங்கிவிட்டதென்றால் அந்த ஐந்து நாளைச் செலவழிக்கலாமா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கடைசி உறுதி எந்த ஸ்கேனிலும் இல்லை, அறுவை அரங்கில் பித்தப்பை வழியாகச் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்-ரேயில்தான்.

படி 3: எலாஸ்டோகிராபி, கல்லீரலின் இறுக்கம்

இளநீர் வழுக்கைக்கும் முற்றின தேங்காய்க்கும் உள்ள வித்தியாசம்தான் நல்ல கல்லீரலுக்கும் தழும்பேறிய கல்லீரலுக்கும். தழும்பு கூடக்கூட இறுகும், இறுகிய பொருளில் அதிர்வு வேகமாக ஓடும். அந்த வேகத்தை அளந்து எண்ணாகச் சொல்வதே இந்தப் பரிசோதனை.

அதிகம் கேள்விப்படுவது ஃபைப்ரோஸ்கேன். பிரான்ஸின் எக்கோசென்ஸ் கம்பெனியுடையது, 2003 வாக்கில் வந்தது. பிள்ளை மல்லாந்து படுத்து வலது கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். வலது விலா எலும்புகளின் நடுவே ப்ரோபை, அதாவது மெஷினோடு இணைந்த கைக்கருவியை, வைத்ததும் லேசாக ஒரு தட்டு, அவ்வளவுதான். குறைந்தது பத்து சரியான அளவுகள் எடுப்பார்கள், சொன்னபடி கேட்கிற பிள்ளை என்றால் ஐந்து பத்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடலாம். பயாப்சித் துணுக்கைவிடக் குறைந்தது நூறு மடங்கு பெரிய பகுதியை இது அளக்கிறது.

போவதற்கு முன்னால் போன் பண்ணிக் கேட்க வேண்டியது ஒன்று: "குழந்தைகளுக்கான ப்ரோப் உங்களிடம் இருக்கிறதா?" மார்புச் சுற்றளவு 45 சென்டிமீட்டர் வரை எஸ்1, 45-லிருந்து 75 வரை எஸ்2, அதற்கு மேல் எம். பெரியவர்களை மட்டும் பார்க்கும் இடங்களில் எம், எக்ஸ்.எல். ப்ரோப் மட்டும் இருக்கலாம், அதை வைத்து மூன்று வயதுப் பிள்ளையை அளந்தால் வரும் எண்ணை நம்பி முடிவெடுக்க முடியாது. அப்புறம் 3 மணி நேரமாவது வெறும் வயிறு. சாப்பிட்டதும் கல்லீரலுக்கு ரத்த ஓட்டம் கூடும், எண்ணும் கூடும். அழுதுகொண்டு முக்கும் குழந்தையிடமும் எண் ஏறும், அதனால் தூங்கும் நேரமாகப் பார்த்துப் போவது நல்லது. போனில் கார்ட்டூன் காட்டலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் பெரிய எழுத்தில் இருக்கும் கிலோபாஸ்கல் (இறுக்கத்தின் அலகு) எண்ணை மட்டும் பார்ப்பார்கள். முதலில் அதன் கீழே சின்னதாக இருக்கும் ஐ.க்யூ.ஆர்./மீடியன் என்ற சதவீதத்தைப் பாருங்கள், பத்து அளவுகளும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அது சொல்லும். 30 சதவீதத்துக்குள் இருந்தால் எண்ணை நம்பலாம். 45 என்றால் பெரிய எண் என்னவாக இருந்தாலும் மறுபடி எடுக்கக் கேளுங்கள். ஆரோக்கியமான பிள்ளைகளுக்கு எண் பொதுவாக 4, 5 கிலோபாஸ்கல் பக்கம் இருக்கும், வயது ஏற ஏறக் கொஞ்சம் ஏறும்.

எண் கூடியிருந்தால் உடனே சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) என்று இணையத்தில் தேடி அழ வேண்டாம். தழும்பு இல்லாமலே கல்லீரலை இறுக்கும் காரணங்கள் உண்டு. மஞ்சள் காமாலை கிருமியால் ஏ.எல்.டி. பல நூறாக எகிறியிருக்கும் சமயத்தில் எடுத்தால் வீக்கமே எண்ணை ஏற்றிவிடும், அது அடங்கிய பிறகு மறுபடி எடுக்க வேண்டும். பித்தம் தேங்கினாலும் ஏறும். இதயக் கோளாறால் கல்லீரலில் ரத்தம் தேங்கினாலும் ஏறும். பிறவி இதயக் கோளாறுக்காக ஃபாண்டன் அறுவை சிகிச்சை செய்த குழந்தைகளிடம் இது சகஜம், அங்கே எது தேக்கம், எது தழும்பு என்று பிரிப்பது நிபுணருக்கே கஷ்டம். வயிற்றில் நீர் இருந்தால் ஃபைப்ரோஸ்கேனே வேலை செய்யாது.

சில மருத்துவமனைகளில் ஃபைப்ரோஸ்கேனுக்குப் பதிலாக, சாதாரண அல்ட்ராசவுண்ட் மெஷினிலேயே ஷியர் வேவ் எலாஸ்டோகிராபி எடுப்பார்கள். கல்லீரலைத் திரையில் பார்த்துக்கொண்டே ரத்தக்குழாய் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுத்து அளக்கலாம், நீர் இருந்தாலும் முடியும், கைக்குழந்தைக்கும் வசதி. இங்கே எண் நொடிக்கு இத்தனை மீட்டர் என்றும் வரலாம். கிலோபாஸ்கலாக்க, வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி மூன்றால் பெருக்குங்கள்: 1.2 மீட்டர் என்றால் 4.3 கிலோபாஸ்கல். கணக்கு சரியாக வந்தாலும் ஒரு கம்பெனி மெஷினின் எண்ணை இன்னொரு கம்பெனியுடையதோடு ஒப்பிடக் கூடாது. போன வருடம் ஒரு மெஷினில் 6, இந்த வருடம் வேறு மெஷினில் 8 என்றால் நோய் கூடியிருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

படி 4: எம்.ஆர்.ஐ.

இதிலும் கதிர்வீச்சு இல்லை. பிரச்சினை நேரமும் சத்தமும் அசையாமல் கிடப்பதும்.

எம்.ஆர்.சி.பி. பித்தக் குழாய்களைச் சாயமே ஏற்றாமல் காட்டும். பித்தநாளம் பலூன் போல் விரியும் கோலிடோக்கல் சிஸ்ட், குழாய்கள் அங்கங்கே சுருங்கும் ஸ்க்ளிரோசிங் கோலன்ஜைட்டிஸ் போன்றவற்றுக்கு இதுதான் சரி. ஸ்கேனுக்கு முன் அன்னாசிப்பழச் சாறு குடிக்கச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், அதில் உள்ள மாங்கனீஸ் வயிற்றிலும் குடலிலும் இருக்கும் திரவத்தின் பளபளப்பை அமுக்கிவிடும், பித்தக் குழாய் தனியாகத் தெரியும்.

கொழுப்பை அளக்கும் முறைக்கு பி.டி.எஃப்.எஃப். என்று பெயர். கிரேடு இல்லை, நேரடியாகச் சதவீதம். ஐந்து சதவீதத்தைத் தாண்டினால் கூடுதல் என்று பொதுவாகச் சொல்வார்கள். தலசீமியாவுக்காக அடிக்கடி ரத்தம் ஏற்றும் பிள்ளைகளுக்கு டி2ஸ்டார் அல்லது ஆர்2 என்ற முறையில் கல்லீரலில் சேர்ந்த இரும்பை அளப்பார்கள். ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், காய்ச்சல் வந்தாலே ஏறிவிடும், இது அப்படி ஏமாற்றாது. உலர்ந்த கல்லீரல் ஒரு கிராமுக்கு 7 மில்லிகிராமைத் தாண்டினால் இரும்பை வெளியேற்றும் மருந்தின் அளவைப் பற்றி டாக்டர் பேசுவார், 15-ஐத் தாண்டினால் இதயம் வரை கவலைப்பட வேண்டும்.

எம்.ஆர். எலாஸ்டோகிராபியில் வயிற்றின் வலப்பக்கம் ஒரு தட்டையான வட்டைக் கட்டி நொடிக்கு 60 தடவை அதிர வைப்பார்கள். அந்த அதிர்வு கல்லீரலுக்குள் பரவுவதைப் படம் பிடிக்கும், கல்லீரலின் பெரும்பகுதி கிடைத்துவிடும், பருமனான பிள்ளைகளிடமும் நன்றாக வேலை செய்யும். அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழு 1995-ல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில் தொடங்கியது இது, அதில் முதல் பெயர் ராஜா முத்துப்பிள்ளை. இதிலும் கிலோபாஸ்கல்தான், ஆனால் கணக்கு வேறு: நார்மல் இங்கே 2-ஐ ஒட்டி வரும். ஃபைப்ரோஸ்கேன் எண்ணோடு சேர்த்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இரும்பு மிகுதியாக இருந்தால் வழக்கமான முறையில் படமே சரியாக விழாது.

சி.டி. ஸ்கேன் பற்றி ஒரே வரி: கதிர்வீச்சு உண்டு, ஆகவே அடிபட்டது, கட்டி, அறுவை சிகிச்சைத் திட்டம் போன்ற காரணம் இருந்தால் எடுக்கலாம், சும்மா பார்த்துவைக்க வேண்டாம்.

மயக்க மருந்து வேண்டுமா?

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பெரும்பாலும் வேண்டாம். பசியோடு கொண்டுவந்து, அங்கேயே பால் கொடுத்து, துணியில் இறுகச் சுற்றி, காதை அடைத்துத் தூங்க வைத்தே எடுத்துவிடலாம். இதற்குப் பொறுமையான ஊழியர்கள் வேண்டும், கேட்டுப் பாருங்கள். ஆறேழு வயதுக்கு மேல் பலர் முழித்தபடியே கிடப்பார்கள். இருபது நொடி மூச்சை அடக்கும் விளையாட்டை ஒரு வாரம் முன்பே வீட்டில் பழக்குங்கள், எம்.ஆர்.ஐ. சத்தத்தை யூடியூபில் கேட்க வையுங்கள். நடுவில் உள்ள வயதுக்குத்தான் மயக்க மருந்து அதிகம் தேவைப்படும். பட்டினி விதி பொதுவாக: தண்ணீர் 2 மணி நேரம், தாய்ப்பால் 4, மற்ற பாலும் உணவும் 6. உங்கள் மயக்க மருத்துவர் சொல்வதே கடைசி. "பாவம், ரெண்டு பிஸ்கட்தானே" என்று யாராவது கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கு ஆபத்து.

எம்.ஆர்.ஐ. அன்று அரைஞாண், கொலுசு, தாயத்து, காப்பு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். தாயத்துக்குள் என்ன உலோகம் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. சட்டையில் குத்திய ஊக்கைத் தேடி எடுங்கள், கூட உள்ளே வருபவரின் புடவை ஊக்கையும் சேர்த்து.

படி 5: அடுத்த தடவைக்கான ஃபைல்

நாள்பட்ட நோயில் ஓர் எண்ணைவிட, வருடக்கணக்கில் எண் எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் உதவும். அதனால் முடிந்தவரை அதே மருத்துவமனை, அதே மெஷின், அதே ப்ரோப். ஒரு நோட்டில் தேதி, மெஷின் பெயர், ப்ரோப், எண், ஐ.க்யூ.ஆர். சதவீதம், எத்தனை மணி நேரப் பட்டினி, அந்த வார ஏ.எல்.டி., பில்லிரூபின், பிளேட்லெட், மண்ணீரல் அளவு என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படங்களை சி.டி.யிலோ பென்டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், வேறு ஊரில் காட்டப் போனால் அவர்கள் படத்தைத்தான் கேட்பார்கள்.

ஸ்கேனுக்கு அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்கள் என்று காத்திருக்கக் கூடாத சமயங்களும் உண்டு: ரத்த வாந்தி, தார் போல் கறுப்பு மலம், பிள்ளை வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது அல்லது குழப்பமாகப் பேசுவது, வயிறு திடீரென உப்புவது, கசாய் அறுவை சிகிச்சை செய்த குழந்தைக்குக் காய்ச்சல். இதில் எது வந்தாலும் ஃபைலை எடுத்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.